நீலக்காவின் வேற்றுக்கிரகச் சமையல்

நீலக்கா சமைத்ததை யாராவது ருசித்துச் சாப்பிட்டுவிட்டால் அன்றைக்கு அவளுக்குத் திட்டு நிச்சயம். இப்படியும் ஒரு சமையல்காரி உண்டா என்று கேட்காதீர்கள், உண்டு. வேற்றுக்கிரகத்துக்குப் போகிறவர்களைப் பழக்குகிற மையத்தில், மனிதர் யாரும் கண்டிராத தின்பண்டங்களைச் செய்து தருவதுதான் அவள் வேலை. கடல்பாசியைக் கூழாக்கி, கிழங்கு மாவைப் புளிக்கவைத்து, எதைச் செய்தாலும் கடைசியில் நீலச் சாயம் ஊற்ற வேண்டும். கூட வேலை செய்கிற இருவரும் கையுறை போட்டுக்கொள்வார்கள். இவளுக்குக் கையுறை போட்டால் பதம் தெரியாதாம். அதனால் நகக்கண் வரைக்கும் நீலம், அதனால்தான் அந்தப் பெயர். பஸ் ஓட்டுகிற அவள் கணவர், "வீட்டுக்கு வந்ததும் கையைக் கழுவிட்டுத்தான் சமைக்கிறா, ஏதோ அந்த மட்டும் உயிரோட இருக்கேன்" என்று நடத்துநரிடம் தினமும் சொல்லிவந்தார்.

அந்தப் பண்டங்களை எடுத்த எடுப்பில் வாயில் போட்டுக்கொள்ள முடியாது. தெரிந்த நஞ்சு ஏதும் இருக்கிறதா என்று முதலில் கருவி பார்க்கும். தெரியாத நஞ்சைக் கருவி என்ன கண்டது? அதற்கு மனிதர்தான் துணிய வேண்டும். மோந்து பார்த்து, மணிக்கட்டில் தடவிக் காத்திருப்பார்கள். அரிக்கவில்லையென்றால் உதடு, பிறகு நுனிநாக்கு, பிறகு மென்று துப்பல். ஒவ்வொன்றுக்கும் நடுவே காத்திருப்பு. அங்கே போனால் மணிக்கணக்கு, வகுப்பில் மட்டும் கொஞ்சம் சலுகை. கடைசியில்தான் ஒரே ஒரு வாய். அதை வயிறு ஏற்றுக்கொண்டாலும் உடம்பில் ஒட்டுகிறதா என்று ரத்தத்தைச் சோதிப்பார்கள். நாக்குக்குத் தித்தித்துவிட்டு, ஒரு பொட்டுத் தெம்பும் தராமல் ஆளைப் பட்டினி போடுகிற சர்க்கரைகூட அங்கே இருக்கலாமாம். இத்தனையும் மறந்து முன்கூட்டியே விழுங்கியவர் செத்தவர். வகுப்பு முடியும்வரை மூலை பெஞ்சில் கண்ணை மூடிக் கிடக்க வேண்டும். பிணம் கொட்டாவி விடக் கூடாது என்று தனியாக ஒரு விதியே இருந்தது.

சென்ற மாதம் அந்த பெஞ்சில் போய்ப் படுத்தவள் நீலக்காவின் மகள். அங்கே போகப் பழகுகிற குழுவிலேயே கெட்டிக்காரி. எந்தத் தட்டு யார் சமைத்தது என்று யாருக்கும் சொல்வதில்லை. அத்தனை கெட்டிக்காரியும் அன்றைக்கு மென்ற பண்டத்தைத் துப்பாமல் விழுங்கிவிட்டாள்.

"எனக்கே தெரியலம்மா. பழகின மாதிரி இருந்துச்சு, வாய் அதுபாட்டுக்கு முழுங்கிடுச்சு" என்றாள் வீட்டில். அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. சாயம் நிறத்தைத்தான் மறைத்தது, கைப்பக்குவத்தை மறைக்கவில்லை.

மகளுக்கு இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான். அதிலும் செத்தால் குழுவிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். நீலக்கா மறுநாளே, வகுப்பை நடத்துகிற டாக்டரம்மாவிடம் போய் நின்றாள்.

"இந்தத் தடவை வேற யாராவது சமைக்கட்டும் டாக்டரம்மா. அவ செத்ததுக்கு என் கைதான் காரணம்."

"அதனாலதான் நீங்களே சமைக்கணும்னு சொல்றேன்" என்றார் டாக்டரம்மா. "அங்க ஏதோ ஒரு காய் உங்க சமையல் மாதிரியே இருந்துச்சுன்னா? கசந்தா யாரும் துப்பிடுவாங்க. பழகின ருசிதான் ஆளை ஏமாத்தும். ஒரு குறையும் வைக்காம சமைங்க."

வீட்டில் கணவர் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "உப்பை அள்ளிக் கொட்டிடு. தன்னால துப்பிடுவா, பாஸாயிடுவா." பிறகு சாப்பிட்ட தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, யாருக்கோ சொல்வதுபோல், "இல்ல, நல்லாவே சமைச்சிடேன். வீட்லயே இருப்பா" என்றார். வழியெல்லாம் ஹாரன் அடித்துப் பழகிய மனிதரின் குரல் அன்றைக்கு எழும்பவேயில்லை.

தேர்வு நாளில் அடுப்பின் முன் நின்ற நீலக்காவின் கையில் உப்பு இருந்தது. ஒரு பிடி அதிகம் போட்டால் மகள் தேறுவாள், போய்விடுவாள், அங்கே ஏதோ ஒரு காய் அவளை ஏமாற்றிக் கொல்லும். அளவோடு போட்டால் ஒருவேளை இங்கேயே இருப்பாள். அந்த 'ஒருவேளை'யை அவள் விரும்பினாள், சத்தியமாக விரும்பினாள், அதற்காகத் தன்னையே வைதுகொண்டாள். வைதபடியே உப்பை அளவோடு போட்டாள். மகளுக்குக் காய்ச்சல் வந்தால் எவ்வளவு கவனமாகக் கிளறுவாளோ அவ்வளவு கவனமாகக் கிளறி, கடைசியில் மனசில்லாமல் சாயத்தை ஊற்றினாள்.

தேர்வு அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் டாக்டரம்மாவோடு நின்று பார்த்தாள். உள்ளே இருப்பவர்களுக்கு வெளியே தெரியாது. மகள் மோந்தாள், தடவினாள், காத்திருந்தாள், உதட்டில் வைத்தாள், நாக்கில் வைத்தாள். மெல்லத் தொடங்கியதும் அவள் முகம் குழந்தை முகமாக மாறியது. போச்சு, விழுங்கப்போகிறாள் என்று நீலக்கா சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். மகள் கிண்ணத்தை எடுத்துத் துப்பினாள்.

டாக்டரம்மா மைக்கில் கேட்டார்: "ருசி எப்படி இருந்துச்சு?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு டாக்டர். முழுங்கிடணும்னு ஆசை ஆசையா வந்துச்சு. அதான் பயந்துபோய்த் துப்பிட்டேன்."

மகள் தேறிவிட்டாள். பெற்ற வயிறு குளிர்ந்தது, அடுத்த கணமே பற்றியும் எரிந்தது. நீலக்கா சத்தம் வராமல் அழுவதைப் பார்த்து டாக்டரம்மா தோளைத் தொட்டார்.

"எதுக்கு அழறீங்க? நல்லாத்தானே சமைச்சிருக்கீங்க."

"நல்லாத்தான் சமைச்சேன் டாக்டரம்மா" என்றாள் நீலக்கா. "இத்தனை வருஷத்துல நான் குடுத்ததை அவ துப்பினதே இல்ல."