குப்புராஜ் நீட்டிய நிமிடம்

சீட்டு கைக்கு வந்ததும் குப்புராஜ் முதலில் அதைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்கிறார். பிறகு முன்பக்கம். வாய்க்குள்ளேயே ஒரு தடவை படிக்கிறார். மைக்கை அணைத்துவிட்டு இன்னொரு தடவை படிக்கிறார். அப்புறம் கொண்டுவந்தவர் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்கிறார்: "ஊட்டுக்குச் சொல்லியாச்சா?"

கொண்டுவந்தவர் கால்பந்து சங்கச் செயலாளர் வசந்தகுமார். சீட்டில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'வெள்ளை வேன் வழியில் நிற்கிறது, உடனே எடுக்கவும்.'

"வேனை எடுக்கறதுக்கு யார் ஊட்டுக்குபா சொல்லணும்?" என்று வசந்தகுமார் தலையில் அடித்துக்கொண்டார்.

குப்புராஜ் அசரவில்லை. காணாமல் போன சாவியோ, மாற்று ஆட்டக்காரர் பெயரோ, எந்தச் சீட்டானாலும் இந்தக் கேள்விக்குப் பதில் வராமல் அவர் மைக்கைத் திறப்பதில்லை. மூன்று வருடமாக இப்படித்தான். அதற்கு முன்னால் சீட்டு வந்தால் அப்படியே படிப்பார்.

வாரத்தில் ஆறு நாள் அவர் எடைமேடை ஆபரேட்டர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பழைய இரும்பு ஏற்றிவரும் லாரிகள் வரிசையாக அவர் கண்ணாடி அறைக்கு முன்னால் வந்து நிற்கும். "நாலு நாலு ஏழு ஒண்ணு, முன்னாடி வா... வா... போதும். எறங்கு. அடுத்து ஆறு ரெண்டு ரெண்டு எட்டு." இருபத்திரண்டு வருடமாக இதே பாட்டு. சன்னல் வழியாக வரும் சீட்டில் உள்ள எண்ணைக் கூப்பிட வேண்டும். லாரியில் என்ன இருக்கிறது, யாருடைய லாரி என்று தலையைத் தூக்கிப் பார்ப்பது அவர் வேலை இல்லை. கண் சீட்டில், வாய் மைக்கில். நடுவில் மூளையை நுழைத்தால் மெயின் ரோடு வரைக்கும் லாரி நின்றுவிடும்.

ஞாயிற்றுக்கிழமை அதே வாய் ஏரிக்கரை மைதானத்துக்கு வந்துவிடுகிறது. டிராக்டர் டிரெய்லர்தான் மேடை. அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, கழுத்தில் ஈரக் கர்சீஃப், கன்னத்தில் ஒதுக்கிய ஏலக்காய். "ஒம்பதாம் நம்பரு ரைட்ல ஒடிக்கிறாரு... முட்டுச்சந்து, வழியில்ல... ரிவர்ஸ், ரிவர்ஸ்... பின்னாடி ஆளு வந்துகினு கீறான், பார்த்து... அட, லோடு எறக்கிட்டார்பா! கோல்!" தேர்வாய் கண்டிகைக் கம்பெனி டீம்களிலிருந்து பழவேற்காட்டு மீனவர் டீம்கள் வரை இவர் குரல் இல்லாமல் போட்டி வைப்பதில்லை. வீட்டிலும் அந்தப் பழக்கம் விடாது. மனைவியைக் கூப்பிட்டாலே "ரோஜா, முன்னாடி வா" என்றுதான் வரும். "நான் இன்னா லாரியா?" என்பார் ரோஜா, அடுப்படியை விட்டு நகராமல்.

ஒரு காலத்தில் மௌன அஞ்சலி என்றால் இந்த வட்டாரத்தில் குப்புராஜ்தான். "மறைந்த அன்னாரின் ஆன்மா சாந்தியடைய, அனைவரும் எழுந்து நின்று..." என்று கரகரப்பைக் குறைத்து, தாழ்ந்த குரலில் ஆரம்பித்தாரென்றால் பஜ்ஜி தின்பவன்கூடப் பாதியில் நிறுத்திவிடுவான். தலைவர்களுக்கு, பழைய ஆட்டக்காரர்களுக்கு, கோப்பை வாங்கித் தருபவரின் மாமனாருக்கு, பெயரே வாயில் நுழையாத வெளிநாட்டு வீரர்களுக்கு என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். ஒரு நிமிடம் என்று அறிவிப்பாரே தவிர, இருபது வினாடியில் "நன்றி" சொல்லிவிடுவார். "பதினெட்டுல ஒருத்தன் தொண்டைய செருமுவான், இருவதுல எவனுக்காவது போன் வரும். மானம் போறதுக்கு முன்னாடி முடிச்சுடணும்." செத்தவர் யாரும் வாட்ச் பார்க்கப் போவதில்லை என்பது அவர் கட்சி. அதில் சிரிப்பும் இருந்தது. இப்போது அதைச் சொல்லிச் சிரிக்க யாராலும் முடியவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு அரையிறுதி நாள். ஆட்டம் தொடங்க இன்னும் பத்து நிமிடம். தெற்குக் கோல்போஸ்ட்டில் கோல்கீப்பர் தீனா பந்து பிடித்துப் பழகிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் அவன் அக்கா பிரேமா நின்றாள். தம்பி ஆடும் எல்லா ஆட்டத்துக்கும் அவள் வந்துவிடுவாள். உப்பேரிக் கரைக் குப்பத்துப் பெண், வாய்க்குப் பூட்டு கிடையாது. "டேய், காலை ஒட்டி வெய்டா! நம்மூட்டு வலையில கூட இவ்ளோ பெரிய ஓட்டை இல்லடா!" அவள் கணவன் ராஜவேலு இதே டீமில் பின்வரிசை ஆடியவன். மீன்பிடிப்பை விட்டுவிட்டு ஒரு உருக்காலையில் ஒப்பந்த ஃபிட்டராகச் சேர்ந்திருந்தான். அன்று ஞாயிறு ஷிஃப்ட்டுக்குப் போயிருந்தான்.

"கோல்போஸ்ட்டுக்குப் பின்னாடி சம்பளம் வாங்காத கோச் ஒருத்தங்க நிக்கிறாங்க, எல்லாரும் ஒரு வணக்கம் போட்டுக்கோங்க" என்று குப்புராஜ் மைக்கில் சீண்டினார். பிரேமா தலைக்கு மேலிருந்த கூம்பு ஸ்பீக்கரைக் கைகாட்டிக் காதைப் பொத்திக்கொண்டாள். அவருக்குப் புரிந்தது. "தீனா, அக்காவுக்குக் காது கிழியுதாம். அந்த ஒயரைப் புடுங்கி உடுப்பா" என்றார். தீனா போய்ப் பிடுங்கிவிட்டு, ஆட்டக்காரர்களோடு வரிசையில் நிற்க நடு மைதானத்துக்கு ஓடினான்.

அப்போதுதான் அந்தச் சீட்டு வந்தது. வசந்தகுமார் ஒரு கையில் போனைக் காதில் வைத்தபடி மறு கையால் நீட்டினார். 'ராஜவேலு. நம்ம பழைய ஃபுல்பேக். காலையில் ஆலையில் விபத்து. மௌன அஞ்சலி.' குப்புராஜ் வாங்கினார், படித்தார். கண் சீட்டில், வாய் மைக்கில். "நமது அணியின் முன்னாள் வீரர் ராஜவேலு அவர்கள் இன்று காலை ஆலை விபத்தில் காலமானார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன்..." தாழ்ந்த குரல், ஒரு எழுத்துப் பிசகாத உச்சரிப்பு. முந்நூறு பேர் எழுந்து நின்றார்கள்.

அதற்கப்புறம்தான் அவர் தலையைத் தூக்கினார்.

தெற்குக் கோல்போஸ்ட்டுக்குப் பின்னால் பிரேமாவும் நின்றுகொண்டிருந்தாள். கடல் காற்று அவள் பக்கமிருந்து அடித்துக்கொண்டிருந்தது. ஸ்பீக்கர் இல்லை. அவளுக்கு ஒரு சொல்லும் போய்ச் சேரவில்லை. எல்லோரும் நிற்கிறார்களே என்று அவளும் நின்றாள். கைப்பையைக் கீழே வைத்தாள், செருப்பைக் கழற்றினாள், முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். அந்த மைதானத்திலேயே அவ்வளவு ஒழுங்காக நின்றவள் அவள் ஒருத்திதான்.

யாருக்கு அஞ்சலி, அங்கே நிற்பவள் யார் பெண்டாட்டி என்பது அப்போதுதான் குப்புராஜின் மூளைக்குப் போய்ச் சேர்ந்தது.

இருபது வினாடி ஆயிற்று. 'நன்றி' தொண்டை வரை வந்து நின்றது. அதைச் சொன்னால் எல்லோரும் தலைநிமிர்வார்கள். அவளும் நிமிர்வாள். பக்கத்தில் யாரையாவது விசாரிப்பாள். குப்புராஜ் வாயை இறுக மூடிக்கொண்டார். ஒரு நிமிடம் ஓடியது. இரண்டாவது நிமிடத்தில் இருமல்கள் கிளம்பின. யாருடைய போனோ பாட்டுப் பாடி அடங்கியது. நடுவர் அன்புராஜ் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, என்னய்யா என்பதுபோல் டிரெய்லரைப் பார்த்தார். குப்புராஜ் அவரைப் பார்க்கவில்லை. குனிந்திருந்த அந்த ஒரு தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் கொஞ்ச நேரம் அவ புருசன் உசுரோட இருக்கட்டுமேன்னு நெனச்சேன்" என்று பிறகு ரோஜாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். "நான் வாயத் தொறக்காத வரைக்கும் அவன் இருந்தான் ரோஜா."

மூன்றாவது நிமிடத்தில், பெயரைக் கேட்டதிலிருந்து மரத்துப்போய் நின்ற தீனா நடு மைதானத்தில் அப்படியே மடங்கி உட்கார்ந்தான். பிரேமா நிமிர்ந்து பார்த்தாள்.

"டேய் தீனா! இன்னாடா ஆச்சு? யாருடா செத்தது?"

மைக் இல்லாமலே அந்தக் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது.

வசந்தகுமார் கெட்டவர் இல்லை. வீட்டுக்குச் சொல்ல இரண்டு பேரை அனுப்பிவிட்டுத்தான் சீட்டை எழுதினார். அந்த இரண்டு பேரும் அதே நேரத்தில் குப்பத்தில், பூட்டியிருந்த ஒரு கதவுக்கு முன்னால் எப்படிச் சொல்வது என்று பேசி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அன்று மேட்ச் நடந்தது. ஆமாம், நடந்தது. வெளியூர் டீம் வேன் பிடித்து வந்திருக்கிறது, அடுத்த வாரம் மைதானம் கிடைக்காது என்று காரணங்கள் இருந்தன. மாற்றுக் கோல்கீப்பரை இறக்கி முழு ஆட்டமும் ஆடினார்கள். இரண்டு கோல் விழுந்தது, ஜனம் கைதட்டியது. பழக்கத்தில் கத்தியும் விட்டது. குப்புராஜ் அணைத்த மைக்கைப் பிடித்தபடி டிரெய்லர் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

அன்றிலிருந்து அவர் அஞ்சலி சொல்வதில்லை. அந்த நேரம் வந்தால் மைக்கை வசந்தகுமாரிடம் கொடுத்துவிட்டு, மைதானத்தை ஒட்டிய ஆலைச் சுற்றுச்சுவர் ஓரம் போய்ச் சுவரைப் பார்த்து நிற்பார். தெற்குக் கோல்போஸ்ட்டில் ஸ்பீக்கர் கட்டுவதும் நின்றுபோனது. மற்ற மூன்று கூம்புகளைக் கட்டிவிட்டால் அந்த நான்காவது கூம்பு டிரெய்லர் மூலையில் கிடக்கிறது. கேட்டால், "பந்து பட்டு ஒடையுது" என்பார். இதுவரை ஒரு பந்தும் பட்டதில்லை.

மைதானத்தில் அஞ்சலி தேவையா என்பதுபற்றி அவருக்கும் வசந்தகுமாருக்கும் டீக்கடையில் வாராவாரம் சண்டை. "டிவில பார்க்கல? எவ்ளோ பெரிய பெரிய கிளப்பு, அம்பதாயிரம் பேர் நிக்கிறான்" என்பார் வசந்தகுமார்.

"கோல் அடிச்சா கத்தறதுக்கு வந்தவன்பா இவன். சாவுக்கு நிக்கணும்னா சாவு ஊட்டுக்கு வந்து நிக்கட்டும். இங்க ஒரு நிமிஷம் நின்னுட்டா கடமை முடிஞ்சுதுன்னு அங்க வராம பூட்றான்."

"வராதவன் எப்பவுமே வரமாட்டான் குப்பு. இங்கயாவது நிக்கிறான்ல?"

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதுதான் பேஜாரு. டீ ஆறிப்போகும், சண்டை தீராது.

போன ஞாயிறு இறுதி ஆட்டம். ராஜவேலு நினைவுக் கோப்பை என்று இந்த வருடம்தான் பெயர் வைத்திருந்தார்கள். பெயர் எழுதிய துணியைப் பார்த்ததுமே குப்புராஜுக்கு ஏலக்காய் கசந்துவிட்டது. அஞ்சலி இருக்கும் என்பது தெரிந்ததுதானே. மைக்கை யார் தலையில் கட்டலாம் என்று வசந்தகுமாரைத் தேடிக்கொண்டிருந்தபோது, கீழேயிருந்து ஒரு கை சீட்டை நீட்டியது. வாங்கினார். பின்பக்கம் பார்த்தார், முன்பக்கம் பார்த்தார். 'ராஜவேலு. ஒரு நிமிசம்.' மைக்கை அணைத்தார். யார் நீட்டியது என்று பார்ப்பதற்குள் அவர் வாய் முந்திக்கொண்டது.

"ஊட்டுக்குச் சொல்லியாச்சா?"

"சொல்லியாச்சுண்ணா" என்றாள் பிரேமா.

குப்புராஜுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. இப்போது அவள் தேர்வாய் கண்டிகையில் ஒரு கேன்டீனில் வேலை செய்கிறாள். கேன்டீன் நீலச் சட்டையைக்கூட மாற்றாமல் ஷேர் ஆட்டோவில் நேராக வந்திருந்தாள். அவள் கோபப்படவில்லை. அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் டிரெய்லர் பலகையைப் பிடித்துக்கொண்டு, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"அன்னிக்கு யாரோ எவரோன்னு நின்னேண்ணா. எல்லாரும் நிக்கறாங்களேன்னு நின்னேன். என் புருசனுக்குத்தான் நிக்கறேன்னு தெரியாமலே நின்னுட்டேன். தெரிஞ்சு ஒரு வாட்டி நிக்கணும்."

"வசந்தகுமாரச் சொல்லச் சொல்றேம்மா. என்னால ஆவாது."

"நீதாண்ணா சொல்லணும். அன்னிக்கு நீ சொன்னது எனக்குக் கேக்கவே இல்ல."

மேடையருகே அவளுக்காக ஜரிகைத் துணி போர்த்திய நாற்காலி போட்டிருந்தார்கள். அவள் அதில் உட்காரவில்லை. கோட்டுக்கு வெளியே சுற்றி நடந்து தெற்குக் கோல்போஸ்ட்டுக்குப் பின்னால் போய் நின்றாள். பையைக் கீழே வைத்தாள். செருப்பைக் கழற்றினாள்.

இரண்டு அணியும் நடுவில் வரிசையாக நின்றன. அன்புராஜ் விசிலோடு டிரெய்லரைப் பார்த்தார். குப்புராஜ் மைக்கை நாற்காலியில் வைத்துவிட்டுக் கீழே இறங்கினார். வழக்கம்போலச் சுவரோரம் போகப்போகிறார் என்று வசந்தகுமார் மைக்கை எடுக்க வந்தார். "அங்கயே வெய்பா, வந்து நானே சொல்றேன்" என்ற குப்புராஜ் சுவர்ப் பக்கம் போகவில்லை. மூலையில் கிடந்த நான்காவது கூம்பை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஒயர்ச் சுருளைப் பிரித்து விட்டபடியே மைதானத்தைக் குறுக்காகக் கடந்து நடந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோல்போஸ்ட்டுக்குப் பின்னாலிருந்த கம்பத்தில் கூம்பைக் கட்டினார். ஒயர் முனையைப் பல்லால் கடித்து உரித்து முறுக்கினார். பிறகு அதன் வாயை, பிரேமா நின்ற பக்கமாகத் திருப்பி வைத்தார்.