படுகளத்துக் கல்லும் ஒரு பொய்யும்

போன ஞாயிற்றுக்கிழமை, பதினோரு மணி வெயிலில், சுற்றி முப்பது பேர் நிற்க, ஒரு கல்லின் மேல் விரல் வைத்துக்கொண்டு பொய் சொன்னேன்.

கொலைக் குற்றம் ஒன்றும் இல்லை. "ஏரிக்கு யாரோ தானம் குடுத்ததா எழுதியிருக்கு" என்றேன். அவ்வளவுதான். ஏன் சொன்னேன்? ஆசையா, பயமா? இரண்டும் இல்லை. அலுப்பு. அலுத்துப்போன ஆள் சொல்கிற பொய் சின்னதாகத்தான் இருக்கும். இதைச் சொன்னால் சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடலாம் என்று நம்ப வைக்கும்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. வாரத்தில் ஆறு நாள். ஆவடி பக்கம் கோவில்பதாகையில் வீடு. காலையில் ஓட்டமாக ஓடி, பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்று, இருட்டிய பிறகு திரும்பி வருகிற பிழைப்பு. ஏழாவது நாள் மனுஷி என்ன செய்வாள்? தூங்குவாள். எங்கள் வீட்டில் அது நடக்காது. அதுவும் பங்குனி வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

"பாப்பா... அங்க தேராம். இங்க கூத்தாம். காலைல போனா சாயங்காலம் வந்துடலாம்." அப்பா சனிக்கிழமையே ஆரம்பித்துவிடுவார்.

அப்பா இருபத்தெட்டு வருஷம் லாரியில் லோடு ஏற்றியவர். தமிழ்நாட்டில் அவர் போகாத ஊர் இல்லை; பார்த்த ஊரும் இல்லை. எல்லா ஊரிலும் அவர் பார்த்தது லாரியின் பின்பக்கத்தைத்தான். முதுகு வலி என்று வேலையை விட்ட பிறகு, விட்டுப்போன ஊர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருகிறார். நியாயம்தானே? நியாயம்தான். ஆனால் நான் இல்லாமல் போகமாட்டார்.

ஏனென்றால் வீட்டில் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எழுத்து தெரியாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். காலேஜ் சேரும்போது 'முதல் பட்டதாரி' என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அப்பா அதை லேமினேட் செய்து முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். அம்மா முருகனுக்குக் காட்டுகிற கற்பூரத்தைப் போகிறபோக்கில் அதற்கும் காட்டிவிடுவாள். எனக்கு அதில் பெருமை இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

ஆனால் இந்தப் பெருமையைச் சுமக்கிற வேலை இருக்கிறதே... எங்கே போனாலும் "படி பாப்பா." கோயில் வாசலில் 'செருப்பை இங்கே விடவும்' கூட நான்தான் வாசிக்க வேண்டும். இத்தனைக்கும் இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கேட்பார்கள்.

போன வருஷம் ஒரு மியூசியம் போனோம். சிலைக்குச் சிலை போர்டு. "வெண்கலம்" என்று படித்தேன். "ம்" என்றார் அப்பா. "கருங்கல்" என்றேன். "ம்." மூன்றாவது ஹாலில் திரும்பிப் பார்த்தால் பின்னால் முன்பின் தெரியாத பதினைந்து பேர் நிற்கிறார்கள் – என்னை கைடு என்று நினைத்துக்கொண்டு! மறுநாள் ஆபீஸ் தோழி, "நடராஜர் எப்படி இருந்தார்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. நான் போர்டைத்தான் பார்த்தேன். அம்மாவைக் கேட்டால் தூக்கிய காலின் சலங்கை வரைக்கும் சொல்கிறாள்.

அதனால்தான் போன ஞாயிறு படுகளம் பார்க்கப் போகலாம் என்று அப்பா சொன்னபோது சரி என்றேன். கூத்துக்குப் போர்டு கிடையாது அல்லவா?

ஆவடியில் ரயில் ஏறி, திருவள்ளூரில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். சின்ன கிராமம். திரௌபதி அம்மன் திருவிழா. பல நாளாக நடந்த பாரதக் கூத்தின் கடைசிக் கட்டம் இது. பகலில், திறந்த வெளியில், பீமன் துரியோதனனைக் கொல்கிற நாள்.

மைதானம் நிறைய மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து படுத்திருந்தான். முறுக்கு மீசை, உருட்டி வைத்த கண், சிவப்பும் மஞ்சளுமாக வண்ணம்.

"ரெண்டு லாரி நீளம் கீறான்பா" என்றார் அப்பா. எதையும் லாரியில்தான் அளப்பார்.

மத்தளம் அதிர்ந்தது. கட்டைக் கிரீடமும் தோள்கட்டையுமாக பீம வேஷக்காரர் ஓடி வந்தார். முகத்தில் பூசிய சாயம் வேர்வையில் கழுத்து வரைக்கும் வழிகிறது. துரியோதன வேஷக்காரர் மண் உடம்பின் மேல் ஏறி நின்று சவால் விடுகிறார். இருவரும் அந்த மண் உடம்பைச் சுற்றிச் சுற்றி ஓட, ஊரே பின்னால் ஓடுகிறது. கடைசியில் பீமன் அந்த மண் உடம்பின் தொடையில் அடித்தான். உள்ளே புதைத்திருந்த பானை உடைந்து செஞ்சாயம் பொங்கியது. அந்தச் சாயத்தைத் தொட்டு திரௌபதி கூந்தல் முடிக்கும்போது பெண்கள் குலவையிட்டார்கள். அம்மா அழுதாள். "படி பாப்பா" என்று யாரும் கேட்காத ஒரு மணி நேரம்! முழுசாகப் பார்த்தேன்.

முடிந்ததும் எல்லோரும் அந்த மண்ணில் ஒரு பிடி எடுக்க முண்டியடித்தார்கள். வீட்டில் வைத்தால் நல்லதாம். அப்பாவும் ஒரு பிடி எடுத்துத் துண்டில் முடிந்துகொண்டார். அதோடு கிளம்பியிருக்கலாம். பக்கத்தில் நின்ற ஓர் அம்மாளிடம் அப்பா பேச்சுக் கொடுத்தார்.

அவர் பெயர் பச்சையம்மா. ஐம்பது வயதிருக்கும். மண் எடுக்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நீ ஏம்மா எடுக்கல?"

"எங்க தெரு கூடை இல்லாம செஞ்ச பொம்மைண்ணே இது. எனுக்கு வோணாம்."

விஷயம் இதுதான். துரியோதனன் செய்ய ஏரியிலிருந்து மண் எடுக்கும்போது, முதல் கூடை கீழத்தெருக்காரர்களுடையது. காலம் காலமாக அப்படித்தானாம். இந்த வருஷம் கமிட்டிக்காரர்கள் டிராக்டரில் மண்ணைக் கொண்டுவந்து கொட்டிவிட்டார்கள். கேட்டதற்கு, "உங்களுக்குத்தான் மொத கூடைன்னு எதுல எழுதியிருக்கு? ஆதாரம் கொண்டா" என்றார்களாம். தெரு என்றால் என்ன, கூடை என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

"ஆதாரம் தோ கீது" என்று பச்சையம்மா கை காட்டினார். ஏரிக்கரை ஓரம், சாய்ந்து நின்ற ஒரு கல். மஞ்சள் குங்குமம் அப்பியிருந்தது. உடம்பெல்லாம் எழுத்து. "எங்க தெருவப் பத்தி அதுலதான் எழுதி கீதுன்னு எங்க மாமியா சொல்லும். படிக்கத்தான் ஆளு இல்ல."

அப்பாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். அய்யோ என்றது மனசு.

"எம் பொண்ணு படிக்கும்மா. டிகிரி! எந்த எழுத்தா இருந்தாலும் படிச்சிடும்."

"நெஜமாவாண்ணே?"

"இன்னா இப்டி கேட்டுகினு... மியூசியத்துல கீற அத்தினி போர்டும் படிச்சது இதுதான்."

அப்பாவைக் குறை சொல்ல முடியாது. எழுத்து தெரியாதவருக்கு எல்லா எழுத்தும் ஒன்றுதான். அந்தக் கல்லில் இருந்ததோ 'க' மாதிரி ஒன்று, 'ட' மாதிரி ஒன்று. மற்றதெல்லாம் மண்புழு நெளிந்த மாதிரி. கூட்டம் சேர்ந்துவிட்டது. தலை வலிக்கிறது. பஸ்ஸுக்கு நேரமாகிறது. இந்த மாதிரிக் கல்லில் எல்லாம் வழக்கமாக என்ன இருக்கும்? ஏரி, தானம். விரலை வரி வரியாக நகர்த்தி, அந்தப் பொய்யைச் சொன்னேன்.

"தானமா? யாரு குடுத்தது? எந்தத் தெரு?" பச்சையம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குள் வெள்ளை வேட்டியில் கமிட்டித் தலைவர் வந்துவிட்டார். "தோ பாருங்க, வெளியூர்ப் பொண்ணு. படிச்ச பொண்ணு. இது சொல்றதுக்கு நாங்க கட்டுப்படறோம். கீழத்தெரு பேரு அதுல கீதுன்னா அடுத்த வருஷம் மொத கூடை உங்களுது. இல்லன்னா இத்தோட உட்டுடணும். அப்பறம் பேச்சே கூடாது."

ஒரே ஒரு வார்த்தை. 'இருக்கிறது' என்று சொல்லிவிட்டால் போதும். யாருக்குத் தெரியப்போகிறது? சொல்லத் துடித்தேன், சத்தியமாக. ஆனால் உண்மையிலேயே படிக்கத் தெரிந்த ஒருவர் நாளைக்கு வந்து நின்றால்? நான் ஆவடியில் இருப்பேன். பொய்க்காரி என்ற பேர் பச்சையம்மாவுக்குத்தான் வரும்.

நான் விழித்ததை அப்பா கவனித்துவிட்டார். சட்டென்று முன்னால் வந்தார்.

"எம் பொண்ணு கண்ணாடி எடுத்துகினு வரல. அதான் தடுமாறுது."

நான் கண்ணாடி போடுகிறவள் இல்லை. அந்த வாக்கியம் அப்பாவுடையது. பேங்கில், ரேஷன் ஆபீஸில், ஆஸ்பத்திரியில்... யாராவது ஒரு ஃபாரத்தை நீட்டினால், "கண்ணாடி எடுத்துகினு வரல சார், நீங்களே படிச்சு சொல்லுங்க" என்பார். சின்ன வயதில் அந்தக் கண்ணாடியை வீடு முழுக்கத் தேடியிருக்கிறேன். அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்று புரிய எனக்குப் பல வருஷம் ஆனது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். அதைத் தூக்கி என் கையில் கொடுக்கிறார்.

வாங்கிக்கொள்ள முடியவில்லை.

"கண்ணாடி இல்லைங்க. இந்த எழுத்து பழைய எழுத்து. எனக்குப் படிக்கத் தெரியாது. தானம்னு சொன்னது நானா சொன்னது."

கமிட்டித் தலைவர் சிரித்தார். "டிகிரியாம்..." என்று யாரோ இழுத்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. பச்சையம்மா என் கையை விட்டுவிட்டுக் கேட்டார்: "அப்ப தெரிஞ்ச மாதிரி வெரல் வெச்சி வெச்சிப் படிச்சியே... ஏன் பாப்பா?"

கல்லிலிருந்து விரலை எடுத்தேன்.

அம்மாதான் பாய்ந்தாள். "தெரியலன்னா தெரியலன்னுதான் சொல்லும்! நீங்க இன்னாத்த கண்டீங்க? ஆதாரம் வோணும்னு கேட்டுட்டு அந்தக் கல்லுலயே மாட்டக் கட்டி வெச்சிகினு கீறீங்க!"

உண்மைதான். கல்லின் மறுபக்கம் ஒரு கன்றுக்குட்டி நின்றிருந்தது. கூட்டம் சிரித்துக் கலைந்தது.

பச்சையம்மா போகவில்லை. நான் கேட்டதும் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து கல்லைக் கழுவிவிட்டார். நான்கு பக்கமும் போட்டோ எடுத்தேன். படிக்கத் தெரிந்தவரிடம் காட்டிச் சொல்கிறேன் என்று நம்பர் வாங்கினேன். நம்பாமல்தான் கொடுத்தார்.

ரயிலில் அப்பா துண்டில் முடிந்த மண்ணைத் தடவிக்கொண்டே வந்தார். வேப்பம்பட்டு போனது, திருநின்றவூர் போனது. நெமிலிச்சேரியில் வண்டி நின்றபோது மெதுவாகக் கேட்டார்.

"நான்தான் சமாளிச்சேன்ல? நீ ஏன் ஒத்துகினே?"

"நான் சொன்னதை அவங்க நம்பிட்டாங்கப்பா."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நானும் நம்பிட்டேன். லாரி ஆபீசுல ஒருத்தர் படிச்சு சொன்னாரு, லீவுக்கு எழுதின பேப்பருன்னு. கைநாட்டு வெச்சிக் குடுத்துட்டேன். வேலய நானா உடறேன்னு அதுல எழுதி இருந்துச்சாம்."

"இப்ப எதுக்குய்யா அது" என்றாள் அம்மா.

முதுகு வலி என்றுதான் இத்தனை வருஷமாக எனக்குச் சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் போய்விட்டதே என்று புலம்பிக்கொண்டிருந்த எனக்கு, இந்த வாரம் மற்ற நாள் தூக்கமும் போனது. எனக்குப் படிப்பது ஒரு வேலை. சுற்றி நின்று கேட்கிறவர்களுக்கு, நான் என்ன சொல்கிறேனோ அதுதான் எழுதியிருக்கிறது. இது எனக்கு ஏன் இத்தனை நாள் உறைக்கவில்லை?

தெரிந்தவர் மூலம் கல்வெட்டு படிக்கிற ஒரு பேராசிரியருக்குப் போட்டோக்களை அனுப்பினேன். வியாழக்கிழமை பதில் வந்தது. வெளியே தெரிகிற பகுதியில் ராஜாவைப் பற்றிய புகழ்ச்சிதான் இருக்கிறதாம். யாருக்கு என்ன உரிமை, என்ன கொடை என்பதெல்லாம் அதற்குக் கீழேதான் வருமாம். கல்லின் கீழ்ப்பாதி மண்ணுக்குள் இருக்கிறது.

தயங்கித் தயங்கி பச்சையம்மாவுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, நீங்க கேட்டது மண்ணுக்குள்ள இருக்குதாம்."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "அவ்ளோதானா? ஏரி மண்ணு எடுக்கறது எங்க தெருவுக்கு இன்னா புதுசா? மம்பட்டிய எடுத்துகினு இப்பவே..."

"அக்கா, வேணாம்! கல்லு ஒடஞ்சிடும்! முறையா மனு போட்டா தொல்லியல் ஆபீசருங்களே வந்து தோண்டிப் படிச்சிச் சொல்லுவாங்க."

"சரி சரி, தொடல. கத்தாத. கன்னுக்குட்டிய வேற எடத்துல கட்டச் சொல்றேன்." கூடவே பச்சையம்மா கேட்டார்: "மனுவாவது எழுதத் தெரியுமா பாப்பா உனுக்கு?"

தெரியும் அக்கா. இதை எழுதி முடித்த கையோடு அதற்குத்தான் உட்காருகிறேன்.