நான்கு மூலைக் குஞ்சம்

பினாங்கில் நான் வெளுத்த துணிக்குக் கணக்கே இல்லை. கப்பல்காரன் கால்சட்டை, குமாஸ்தாவின் வேட்டி, எல்லாம் எனக்கு ஒன்றுதான். அடித்தேன், அலசினேன், காயப்போட்டேன். ஒரு துணி மட்டும் என் உயிரை வாங்கியது. கிழட்டு யூதர் ஒருவர் தொழும்போது போர்த்திக்கொள்ளும் கம்பளிப் போர்வை அது.

வெள்ளைப் போர்வை, கறுப்புக் கரை. நான்கு மூலையிலும் முடிச்சு முடிச்சாக நூல் குஞ்சம். ஒரு மூலையில் குஞ்சம் போனாலும் அதைப் போர்த்தித் தொழக்கூடாதாம். சூலியா தெருவில் கடை வைத்திருந்த மனுசர், மலாய் கலந்து தமிழ் பேசுவார்.

“ஹாத்தி-ஹாத்தி, ஜாக்கிரதை! பாத்துத் தொவை லா. நான் செத்தா இதைப் போத்தித்தான் பொதைப்பாங்க. ஒரு குஞ்சம் போச்சு, உன் வேலையும் போச்சு.”

என் புருசன் துறைமுகத்தில் மூட்டை சரிந்து செத்தார். எனக்குத் தாலி அறுத்த ஈரம் காய்வதற்குள் வெளுக்க வந்துவிட்டேன். அந்த வீட்டு வேலை போனால் பிள்ளைகளுக்குக் கஞ்சி இல்லை. ஆகவே வருசா வருசம், அவர்களுடைய புதுவருசத்துக்கு முன்னால், நான்கு குஞ்சத்தையும் பழஞ்சேலைத் துண்டில் தனித்தனியாக முடிந்துகொண்டு, பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுவது போல அலசுவேன். அதுவோ மழைக்காலம். காய்ந்து தொலைக்காது. காக்கை இழுத்துவிடுமோ என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். சலித்துப் போனேன்.

அப்படி ஒரு வருசம் போர்வை என்னிடம் இருக்கும்போதே அவர் கண்ணை மூடிவிட்டார். அன்றைக்கே அடக்கம் என்று ஆள் வந்தது. அரைகுறை ஈரத்தை இஸ்திரிப் பெட்டியால் போக்கி, எடுத்துக்கொண்டு ஓடினேன்.

வாசலில் அவருடைய தங்கை மகன் வாங்கினார். மூலைத் துண்டுகளை அவிழ்த்து நான்கையும் காட்டினேன். ஒரு நூல் குறையவில்லை. அவர் தலையாட்டிவிட்டு, கத்தரிக்கோலை எடுத்து ஒரு குஞ்சத்தை நறுக்கென்று வெட்டினார்.

“ஐயோ, துவான் ஐயா! என்ன காரியம் செஞ்சிட்டீங்க?” கத்திவிட்டேன்.

“எங்க வழக்கம் அக்கா. தொழுகை, கடமை எல்லாம் உயிரோட இருக்கிறவனுக்குத்தான். செத்தவருக்கு இனி ஒண்ணும் கெடையாது. அதுக்கு அடையாளமா வெட்டிடுவோம்.”

போர்வையோடு அவர் உள்ளே போனார். நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகைகூட வரவில்லை, அவ்வளவு அலுப்பு. கிழவருக்கு ஒன்றை வெட்டினார்கள், கடமை எல்லாம் தீர்ந்தது. எனக்கும்தான் ஒன்றை அறுத்தார்கள். அன்றைக்குத்தான் எனக்கு எல்லாம் ஆரம்பித்தது.

அடுத்த வீட்டு அழுக்கு மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தேன். கழுத்து வலித்தது.