மீன்காரியின் ஐந்து விரல்கள்

போன ஞாயிற்றுக்கிழமை சவரியின் ஓவியக் கண்காட்சிக்குப் போனேன். நம் ஊர் நவீன ஓவியர்; செத்த பிறகுதான் ஊருக்கு அவர் ஞாபகம் வந்தது. பிரெஞ்சுக்காரர் காலத்து மாளிகை, ஏசி, எலுமிச்சம்புல் வாசனை. அந்த வாசனைக்கு நடுவே என் மூக்கு வேறெதையோ தேடிக்கொண்டிருந்தது. தேக்குத் தூள், வார்னிஷ், மைதாப் பசை. காதர் பாயின் கடை.

முல்லா வீதியில் பாய் படங்களுக்குச் சட்டம் போட்டுக்கொண்டிருந்தார். மாடியில் ஓர் அச்சகம். அங்கே நான் பிழை திருத்துபவன். திருத்திய பிழைகளைவிட என்னைத் தாண்டி அச்சேறியவை அதிகம் என்பதால் முதலாளி என்னை அடிக்கடி டீ வாங்கக் கீழே அனுப்புவார். பாய் கடைச் சுவரில் மாதாவும், மெக்காவும், யார் வீட்டுத் தாத்தாவோ ஒருவரும் தோளோடு தோள் சாய்ந்து காத்திருப்பார்கள்.

சவரி உழவர்கரையிலிருந்து சைக்கிளில் வருவார். அவர் வழக்கமே தலைகீழ். முதலில் வெறும் சட்டத்தை வாங்கிப் போய் வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகுதான் அதற்குள் படம்.

“ஊர்ல அவனவன் படத்த எடுத்தாந்து சட்டம் கேப்பான். நீ சட்டத்த வாங்கினு போயி படத்துக்கு ஆள் தேடறியேய்யா” என்பார் பாய்.

“நீ ஜன்னல் செஞ்சி குடு பாய். யாராவது வந்து எட்டிப் பாப்பாங்க.”

அப்படி ஒரு சட்டத்துக்குள் எட்டிப் பார்த்தவள்தான் கனகசெட்டிக்குளத்து மீன்காரி. ஒரு கை தலைக்கூடையில். இன்னொரு கையை ஜன்னலில் ஊன்றி, வேண்டுமா வேண்டாமா என்று கேட்கிற முகம். ஊன்றிய கையின் விரல்களைச் சவரி துணியில் வரையவில்லை. பாயின் தேக்குச் சட்டத்தின் மேலேயே வரைந்தார். அதற்காகவே கீழ்க்கட்டைக்கு மட்டும் வார்னிஷ் அடிக்காமல் விட்டிருந்தார் பாய்.

பாய் இப்போது கதிர்காமத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். எண்பதைத் தாண்டியாயிற்று. கண்காட்சிக்குக் கூப்பிட்டதும் இஸ்திரி போட்ட சட்டை, அத்தர் சகிதம் என்னோடு ஆட்டோவில் ஏறினார். “அந்த வெரல ஒரு தபா பாத்துட்டா போதும்பா” என்றார் வழியெல்லாம்.

விரல் இல்லை. எல்லாப் படங்களுக்கும் புது வெள்ளைச் சட்டம். மீன்காரியின் கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது. கலந்துரையாடலில் ஒரு முனைவர், விரல்களை வரையாமல் விட்டதில்தான் காலனியத்தின் வலி தெரிகிறது என்று இருபது நிமிடம் பேசினார். கூட்டம் கைதட்டியது. பழக்கதோஷம், நானும் தட்டினேன். பிறகு வயலின் கச்சேரி.

பாய் மட்டும் தட்டவில்லை. “சட்டம் எங்கப்பா?”

ஏற்பாட்டாளரைப் பிடித்தேன். கைத்தறிக் குர்தா போட்ட இளைஞர்.

“அதெல்லாம் ஓல்டு ஃப்ரேம் சார். வொய்ட்தான் கேலரி லுக்.”

“அதுல வெரல் இருந்துச்சே தம்பி!”

“எந்த வெரல் சார்?”

நான் கத்தினேன். நாலு பேர் திரும்பி முறைத்தார்கள். செத்தவர் வரைந்த விரல்களை வெட்டலாம். வயலினுக்கு மட்டும் இடைஞ்சல் செய்துவிடக் கூடாது.

சட்டங்கள் தோட்டத்தில் இருந்தன. செல்ஃபி எடுப்பதற்காம். வேப்பமரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அதற்குள் முகத்தை நீட்டி, உதட்டைக் குவித்து, வரிசையாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது சட்டத்தில் ஐந்து விரல்கள், நகத்தில் மீன் செதில்களோடு. பாயும் வரிசையில் நின்றார். முறை வந்ததும் அந்த விரல்களின் மேல் தன் கையை வைத்தார்.

“தாத்தா, இங்க பாருங்க, ஸ்மைல்!” என்றாள் ஒரு பெண். பாய் பார்க்கவில்லை. “கைய எடுங்க தாத்தா, பின்னாடி ஆள் நிக்கறாங்க.”

திரும்பும்போது ஆட்டோ கதிர்காமத்தை நெருங்கியது. பாய் கேட்டார்: “ஒத்தக் கையால கூடைய எப்டிப்பா எறக்குவா?”

செருப்புக்குள் கால் நுழைந்ததோ இல்லையோ, மறுநாள் காலையில் ஓடினேன், ஏற்பாட்டாளர் காலில் விழுந்தாவது அந்த ஒரு சட்டத்தை வாங்கிவிடலாம் என்று. வேப்பமரத்தில் கயிறுகள்தான் ஆடின.

“டெகரேஷன்காரரு ஏத்தினு போய்ட்டாருங்க. கல்யாண சீசனாச்சே” என்றார் காவலாளி.

எந்த மண்டப வாசலில், எவனுடைய இளிப்புக்குக் கீழே ஊன்றிக்கொண்டிருக்கின்றனவோ அந்த விரல்கள்.