இரண்டு சாவடிக்கு நடுவில்

பிரெஞ்சுக்காரன் காலத்தில் கோட்டுச்சேரியிலிருந்து பொறையாருக்குப் போவதென்றால் இரண்டு சுங்கச் சாவடிகளைத் தாண்ட வேண்டும். முதலில் பிரெஞ்சுச் சாவடி, கொஞ்சம் தள்ளி இந்தியச் சாவடி. நடுவில் கிடந்த ரோட்டுத்துண்டு யாருடையது என்று கேட்டால் பெரியவர்களே மழுப்புவார்கள்.

அத்தைக்குக் கல்யாணமான மறுநாள், அவளைப் புகுந்த வீட்டில் கொண்டுவிடக் கூண்டு வண்டியில் கிளம்பினோம். முன்னால் அப்பாவும் புது மாப்பிள்ளையும், உள்ளே அத்தையும் நானும். அத்தை வாசலில் ஆரம்பித்த அழுகையை நிறுத்தவே இல்லை. அப்பாவுக்கோ ராகுகாலக் கவலை. அது பிறப்பதற்குள் தங்கை அங்கே வலது காலை வைத்தாக வேண்டும். நேரம் பார்க்காமல் சவரம்கூடச் செய்துகொள்ளாத மனிதர் அவர்.

பிரெஞ்சுச் சாவடியில் உடனே விட்டுவிட்டார்கள். இந்தியச் சாவடியில் கட்டை இறக்கிப் பூட்டியிருந்தது. அதிகாரி சாப்பிடப் போயிருக்கிறாராம், சாவியும் அவரோடு போயிருக்கிறதாம். "வந்துடுவாருங்க" என்றான் காவல்காரன். அப்பா அதிகாரியின் பரம்பரையையே திட்டித் தீர்த்தார். வண்டிக்காரர் மாடுகளை அவிழ்த்துவிட்டார்.

அத்தை எட்டிப் பார்த்தாள். ரோட்டோரம் ஒரு கொடுக்காப்புளி மரம் காய்த்துக் கிடந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு இறங்கினாள். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகினாள், ஒரு குச்சியை எடுத்து வீச ஆரம்பித்தாள்! அடி ஆத்தே, அழுதவள் இவள்தானா? எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் பொறுக்கினேன், அவள் அடித்தாள். எட்டாத கொப்பை மாப்பிள்ளை வந்து வளைத்துக் கொடுத்தார்.

"இது துவர்க்கும், அதைப் பறிங்க" என்றாள் அவரிடம். அவள் அவரிடம் பேசி நான் கேட்ட முதல் பேச்சு அது.

ஒருவழியாக அதிகாரி ஏப்பம் விட்டுக்கொண்டு வந்து கட்டையைத் தூக்கினார். மாப்பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இப்போதே கிளம்பினால் ராகுகாலத்துக்கு முன்னால் போய்விடலாம்.

"ஏறு, ஏறு!" என்று அப்பா கத்தினார்.

அத்தை கையில் குச்சியோடு அப்படியே நின்றாள். "அண்ணே, இன்னும் கொஞ்ச நேரம்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அப்பா திட்டப் போகிறார் என்று நான் பயந்தேன். அவர் அவளையே பார்த்தார். பிறகு துண்டை உதறி விரித்து, மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

"மாடு ரொம்பக் களைச்சிருக்கு மாப்பிள்ளை. கொஞ்சம் ஆறட்டும்."

"ஆமா மச்சான், பாவம்" என்றார் மாப்பிள்ளை, கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் தள்ளிக்கொண்டே.

"மாடு இவ்வளவு நேரம் படுத்து அசை போட்டுக்கிட்டுத்தானேப்பா இருக்கு!" என்று நான் கூவினேன். அப்பா என்னை முறைத்தார். வண்டிக்காரர்கூட வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! இத்தனை பெரியவர்கள் இருந்து என்ன பிரயோசனம், மாட்டைப் பற்றி ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லையே!