சம்பந்தியின் காரில் நின்றுபோன காற்று

என் சம்பந்திக்கு நான் பத்தாயிரத்து இருநூறு கடன்பட்டிருந்தேன். கைமாற்றாக வாங்கியதல்ல. என் ஷெட்டில் அவர் காருக்கு வேலை பார்த்து, பில் போட்டு, அவர் கையிலிருந்தே வாங்கிக் கல்லாவில் போட்ட பணம். அது எப்படிக் கடனாகும் என்று கேட்பீர்கள். சொல்ல எனக்கு இஷ்டமில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். கார் கழுவும் இடத்தில் வாளி தூக்கித்தான் தொழிலுக்குள் வந்தேன். இன்றைக்குக் கார் ஏசி வேலை மட்டுமே பார்க்கும் ஷெட் எனக்கு இருக்கிறது. ஒரே நேரத்தில் ஆறு வண்டி நிறுத்தலாம். கூரைத் தகடு முதல் தரை சிமெண்ட் வரை என் உழைப்பு. கம்பெனி இன்ஜினியர்கள் கையை விரித்த வண்டிகள் என்னிடம் வந்து சரியாகிப் போயிருக்கின்றன. காற்று வரும் துவாரத்தில் புறங்கையை வைத்தேனென்றால், கேஸ் குறைவா, ஃபில்டர் அடைப்பா, காற்றைத் திருப்பிவிடும் மடல் மாட்டிக்கொண்டதா என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

ஆனால் எழுத உட்கார்ந்தது சம்பந்தியைப் பற்றி.

என் மருமகனின் அப்பா அவர். இருபத்தெட்டு வருஷமாக வாடகைக் கார் ஓட்டுகிறார். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பொத்தான் போட்டிருக்கும். பொத்தானுக்கு வெளியே தெரியும் விரல்களைப் பார்த்தால் தெரியும், ஜன்னல் பக்கத்துக் கை ஒரு நிறம், இந்தப் பக்கத்துக் கை ஒரு நிறம். காரின் கால்மிதிகளைத் தினமும் கழுவி மதில்மேல் காயப்போடுவார். ஹாரன் அடிக்க மாட்டார். முன்னால் போகிறவனுக்கு மனசு சங்கடப்படுமாம்.

அவர் வாயில் எதற்கும் ஒரே வார்த்தைதான்: "பரவால்ல." கல்யாணத்தன்று எங்கள் பக்கத்து வேன் இரண்டும் வழிதவறி, மாப்பிள்ளை வீட்டார் ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றார்கள். நான் வியர்த்து விறுவிறுத்து ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "பரவால்ல சம்பந்தி, காத்தோட்டமாத்தான் இருந்துச்சு" என்றார். அன்றைக்கு எனக்கு அந்த வார்த்தை தேனாக இருந்தது. பின்னால் அதைக் கேட்டாலே பல்லைக் கடிக்கும் நிலைமை வந்தது.

அவர் வண்டி ஓடுவதே ஒரு டீச்சரை நம்பித்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சிறுநீரகம் பழுதானதால் வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். போக ஐம்பது நிமிஷம், வர ஐம்பது நிமிஷம். அந்த நிரந்தர ஓட்டத்தில்தான் காருக்கான மாதத் தவணை கட்டினார். சிகிச்சை முடிந்து வரும்போது டீச்சருக்குக் கொஞ்சம் சூடு தட்டினாலும் கண்ணை இருட்டிக்கொண்டு வந்துவிடும். ஆகவே ஏசி இல்லையென்றால் டீச்சர் இல்லை, டீச்சர் இல்லையென்றால் தவணை இல்லை.

கோடையின் தொடக்கத்தில் முதல் தடவை வந்தார். காற்று குறைவு. டேஷ்போர்டைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே காற்றைக் குளிரவைக்கும் காயில் முழுக்கத் தூசி, கம்பளிபோல் படிந்திருந்தது. முன்பு எவனோ ஃபில்டரைப் பிடுங்கி எறிந்திருக்கிறான். சம்பந்தி வண்டி என்பதால் பையன்களைத் தொட விடாமல் நானே கழுவி, புது ஃபில்டர் போட்டு, நானே பூட்டினேன். நியாயமான கூலி வாங்கினேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

இரண்டு வாரத்தில் மறுபடி வந்து நின்றார்.

"கொஞ்சம் காத்து கம்மியான மாதிரி இருக்கு சம்பந்தி. பெருசா ஒண்ணுமில்ல. பரவால்ல."

காற்றைத் தள்ளும் ப்ளோயர் மோட்டார் சோர்ந்துவிட்டது என்றேன். மாற்றினேன். ஐயாயிரத்து இருநூறு. பத்து நாளில் மறுபடி. மடலைத் திருப்பும் சின்ன மோட்டாரை மாற்றினேன். மூவாயிரத்து அறுநூறு. அடுத்த வாரமும் வந்தார். கேஸை முழுக்க இறக்கி ஏற்றினேன். ஆயிரத்து நானூறு. ஒவ்வொரு தடவையும் துவாரத்தில் கையை வைக்கச் சொல்லி, "வருதுல்ல?" என்று கேட்டேன். "வருது, வருது, பரவால்ல" என்றார். பணத்தை எண்ணாமல் கொடுத்தார், போனார்.

என் வீட்டுக்காரி ஒருநாள் கேட்டாள். "சம்பந்திகிட்டபோய்க் காசு வாங்குறீங்களே, கூச்சமா இல்ல?"

"இப்பல்லாம் பொருள் விலை மட்டுந்தான் வாங்குறேன். கூலி வாங்கல. உறவு வேற, தொழில் வேற."

"வேறயாவே இருக்கட்டும். வண்டி ஏன் இன்னும் சரியாகல?"

அன்று சாப்பாட்டில் உப்பு இல்லை என்று சண்டை போட்டேன். உப்பு இருந்தது.

எரிச்சல் என்றால் சாதாரண எரிச்சல் இல்லை. வேறு வண்டியின் டேஷ்போர்டைக் கழற்றும்போதும் சம்பந்தியின் வெள்ளைக் கார்தான் கண்முன்னால் வந்து நிற்கும். கம்ப்ரசர் நன்றாக இருக்கிறது, கேஸ் சரி, மோட்டார் புதுசு, ஃபில்டர் புதுசு. ஷெட்டில் பனிமாதிரி குளிர்கிறது. பிறகு எங்கேதான் போகிறது காற்று?

அப்போதுதான் மகள் போன் செய்தாள்.

"அப்பா, மாமா ஒரு மணி நேரமா வண்டிக்குள்ள சும்மா உக்காந்திருக்கார். டீச்சரோட பையன் வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடுத்திருக்கானாம். அதுக்குள்ள ஏசி சரியாகலன்னா வேற வண்டி வச்சுக்குறானாம். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு மாமா எங்க எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்காத குறை."

"ஏன், என்கிட்ட சொன்னா என்னவாம்?"

"உங்க வேலைய உங்க ஆளுங்க முன்னாடி குறை சொல்ற மாதிரி ஆயிடுமாம். பொண்ணு குடுத்தவர் மனசு நோகக் கூடாதாம். நீங்கதான் ஊரையே அசத்துற மெக்கானிக்காச்சே, ஒரு வண்டிய பாக்கத் தெரியலயா?"

பெற்ற மகள் கேட்கிறாள். போனை வைத்துவிட்டு யோசித்தேன். வேறு எந்த ஆள் வந்தாலும் நான் போலீஸ்காரன்போல் குடைந்து எடுப்பேன். எப்போது காற்று குறைகிறது? கிளம்பின உடனேயா, போகப்போகவா? ஃபேன் எத்தனையில் வைப்பீர்கள்? சத்தம் மாறுகிறதா? சம்பந்தியிடம் என்ன கேட்டேன்? வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டேன். வந்ததும் ஆபீஸ் அறையில் நல்ல நாற்காலியில் உட்கார வைத்து, குடிக்கக் கொடுத்து, வண்டிப் பக்கமே வர விடாமல் உபசரித்தேன். பத்து நிமிஷம், நாலு கதவையும் திறந்துபோட்டு ஓடவிட்டுப் பார்த்தேன். அவரைக் கூட்டிக்கொண்டு ஒரு தெருகூடச் சுற்றவில்லை. சம்பந்தியை டிரைவராக்கிப் பக்கத்தில் உட்காருவது மரியாதையா என்று நினைத்துத் தொலைத்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரி வாசலில் போய் அவர் வண்டியில் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். அவருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

"நீங்க எதுக்கு சம்பந்தி இந்த வெயில்ல..."

"வண்டிய எடுங்க."

டீச்சர் பின்சீட்டில் சாய்ந்திருந்தார். மெலிந்த உடம்பு, கையில் பிளாஸ்திரி. ஆனால் பேச்சில் பிரம்பு இருந்தது.

"இவர்தான் அந்த மெக்கானிக்கா? ஒரு வார்த்தை குறை சொல்ல விடமாட்டேங்கறாரே உங்க ஆளு. நான் வெந்து போனாலும், 'எங்க சம்பந்தி பாத்த வேலை, போகப்போக சரியாயிடும்'ங்கறார்."

முதலில் நல்ல குளிர். "ஃபேனை ஒண்ணுல வைங்கப்பா, முழங்கால்ல குத்துது" என்றார் டீச்சர். சம்பந்தி ஒன்றில் வைத்தார். நான் துவாரத்திலிருந்து கையை எடுக்கவே இல்லை. இருபது நிமிஷம், இருபத்தைந்து. முப்பதைத் தாண்டியபோது காற்று மெலிந்தது. நாற்பதில் மூச்சு நின்றதுபோல் நின்றது. ஃபேனைக் கூட்டினேன். உள்ளே சத்தம் கூடியது, காற்று கூடவில்லை. சிக்னலில் வரிசையாக வண்டிகள். கண்ணாடி வழியே வெயில் மடியில் வந்து உட்கார்ந்தது. டீச்சர் மருந்துச் சீட்டால் விசிற ஆரம்பித்தார். அவர் உதடு வெளுப்பதைக் கண்ணாடியில் பார்த்தேன்.

"எப்பவும் இப்படித்தானா?" என்றேன்.

"ஆமா சம்பந்தி. அரை மணி தாண்டினா இப்படித்தான்."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலயே. வருதான்னு கேட்டீங்க. அப்ப வந்துச்சு."

எனக்கு வந்த கோபத்துக்கு இறங்கி நடந்தே போயிருப்பேன். ஆனால் கோபத்தோடு கோபமாக விஷயம் விளங்கிவிட்டது.

"ஏசி பட்டனை அணைங்க. ஃபேன் நாலுல இருக்கட்டும். எல்லாக் கண்ணாடியையும் இறக்குங்க."

ஐந்தாறு நிமிஷத்தில் ஈர வாடையோடு காற்று திரும்ப வந்தது. ஓரமாக நிறுத்தச் சொல்லிக் குனிந்து பார்த்தேன். வண்டிக்கு அடியில் குழாய் திறந்த மாதிரி தண்ணீர்.

"உள்ள காயில்ல ஐஸ் கட்டிப்போச்சு. அதான் காத்து வழியில்லாம நின்னுபோச்சு" என்றேன்.

"நல்லா இருக்கு" என்றார் டீச்சர். "ஐஸ் அங்க, அடுப்பு இங்க."

அவரை இறக்கிவிட்டு நேரே ஷெட்டுக்கு வந்தோம். சம்பந்தியை ஆபீஸ் அறையில் உட்காரச் சொல்லிவிட்டு, நானே டேஷ்போர்டில் உள்ள சின்னப் பெட்டியைக் கழற்றி விளக்கடித்தேன். காயிலின் தகடுகளுக்கு நடுவே ஒரு சென்சர் குத்தி நிற்க வேண்டும். காயில் உறையப்போகிறது என்று தெரிந்தால் கம்ப்ரசரை நிறுத்தச் சொல்வது அதன் வேலை. அந்த சென்சர் காயிலைத் தொடவே இல்லை. ஒயர்களோடு ஒயராக வெளியே சுருட்டி, நீல டேப்பால் கட்டிக் கிடந்தது. வெளியே கிடக்கிறதற்கு உறைவது எப்படித் தெரியும்? கதவைத் திறந்துபோட்டுப் பத்து நிமிஷம் ஓட்டினால் ஐஸும் கட்டாது.

நீல டேப். இந்த வட்டாரத்தில் அதை வாங்குவது நான் ஒருவன்தான். ஒயர்களைக் கட்டுவதற்கென்று நானே தேர்ந்தெடுத்தது. காயிலைக் கழுவுவதற்காக சென்சரைப் பிடுங்கி ஓரமாகக் கட்டினவன் நான். திரும்பச் செருக மறந்து பூட்டினவனும் நான். அதற்கப்புறம் மாற்றின மோட்டார் இரண்டும், ஏற்றின கேஸும் தண்டம்.

சென்சரைத் தகடுகளுக்கு நடுவே குத்தினேன். வேலை இரண்டு நிமிஷம். வெளியே வந்து, "சென்சர் கோளாறு, சரி பண்ணிட்டேன். காசு வேண்டாம்" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். முப்பது வருஷப் பெயரைக் காப்பாற்றிக்கொண்டேன்.

டீச்சர் திங்கட்கிழமை முழு வழியும் சால்வை போர்த்திக்கொண்டு வந்தாராம். அந்த ஓட்டம் கைநழுவாமல் தங்கிவிட்டது. என் தொல்லை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. சம்பந்தி போகிற இடமெல்லாம் என் புகழ் பாடினார். கார் ஸ்டாண்டில் உள்ள டிரைவர்களையெல்லாம் என்னிடம் அனுப்பினார். "நாலு நாள் சம்பாத்தியத்தை விட்டுட்டு வண்டியில உக்காந்து கண்டுபிடிச்சார், காசே வாங்கல" என்றாராம். போனது அரை நாள். ஒவ்வொரு டிரைவரும் அதைச் சொல்லிக்கொண்டே வந்து நிற்கும்போது எனக்கு உடம்பெல்லாம் முள் குத்தியது. இரண்டு மாதம் பொறுத்தேன். நானே உழைத்துச் சம்பாதித்த பெயர் எனக்குப் போதும், திருட்டுப் பெயர் எதற்கு?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டுக்குப் போனேன். கால்மிதிகளை மதில்மேல் போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். டேப்பையும் சொன்னேன். பணத்தை நீட்டினேன்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "அட, பரவால்ல சம்பந்தி, விடுங்க."

"அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொன்னீங்கன்னா நான் இந்த வீட்டுப் படி ஏறமாட்டேன். மூணு தடவை நீங்க பரவால்லன்னு சொன்னதாலதான் நான் கண்ணை மூடிட்டுப் பொருளா மாத்தினேன்."

கடைசிக் கால்மிதியை உதறினார். ரொம்ப நேரம் உதறினார்.

"பரவால்லன்னு சொல்ற மாதிரி ஒண்ணும் இல்ல" என்றார், மதிலைப் பார்த்துக்கொண்டே. "டீச்சர் ஈரத்துணிய மூஞ்சில போட்டுக்கிட்டு வந்தாங்க, மூணு வாரம். கண்ணாடியில பாக்க முடியாம நான் கண்ணாடியவே திருப்பி வச்சேன். ரெண்டு தவணை என் பையன்கிட்ட கேட்டு வாங்கிக் கட்டினேன். ஒவ்வொரு தடவையும் நீங்க குடிக்கக் குடுத்துட்டே இருந்தீங்க. ஒரு தடவை வண்டியில என்கூட வந்து உக்காந்திருக்கலாம் சம்பந்தி."

"உக்காந்திருக்கலாம்" என்றேன்.

சட்டைக்கைப் பொத்தானைக் கழற்றினார். ஈரக் கையைத் துண்டில் துடைத்து நீட்டினார். நான் ஒவ்வொரு நோட்டாக அந்த உள்ளங்கையில் வைத்து எண்ணினேன். எப்போதும் எண்ணாத மனிதர், அன்றைக்கு என்னோடு சேர்ந்து வாய்விட்டு எண்ணினார், கடைசி இருநூறு வரைக்கும்.