பதினேழு நிமிடம்

கச்சிராயபாளையம் பஸ் நிறுத்தத்தில், உச்சி வெயிலில் ஒருவர் விழுந்து கிடந்தார். எழுபது வயதிருக்கும். சட்டையில் இஸ்திரி மடிப்புகூடக் கலையவில்லை. முகத்தில் தண்ணீர் தெளித்தேன். கண் திறந்ததும் அவர் என்னைப் பார்க்கவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“பதினேழு நிமிசம்” என்று சொல்லி, எழுந்து உட்கார்ந்து ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார்.

ரிட்டயர் ஆனவராம், தனி ஆளாம். கடைசிக் காலத்துக்கு வீடு பார்க்கிறாராம். போகிற ஊரிலெல்லாம் இப்படி விழுந்து பார்ப்பாராம்.

“தண்ணி, காத்து எங்கியும் இருக்குதுங்க. நான் வுழுந்தா எவ்ளோ நேரத்துல ஆள் வருதுன்னு தெரியணும் இல்ல? டவுனுல முக்கா மணி நேரம் கெடந்தேன், தாண்டிக்கினு போனாங்க. மலைமேல அஞ்சே நிமிசம். ஆனா அங்கேர்ந்து ஆஸ்பத்திரிக்கு ரெண்டு மணி நேரம் ஆவுது.”

“அப்ப இன்னா செய்யப் போறீங்க?”

“இங்கியே வூடு பாத்துடறேன். உங்கள மாதிரி மனுசங்க இருக்காங்களே!” என்று கும்பிட்டார்.

அவர் விழும்போதே எதிர் டீக்கடையிலிருந்து பார்த்தவன் நான். குடிகாரன் என்று நினைத்து இன்னொரு டீ சொன்னேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

இப்போது அவர் எங்கள் தெருவில்தான் இருக்கிறார், தனியாக.